பாலில் வராத வெயில்

1

எங்கள் பியூலாவுக்கு இன்று ஒரு வயது. ஜெபக் கூட்டம் இல்லை, விருந்து இல்லை, பாயில் உட்கார்ந்து பாயசம் குடிக்க ஆள் இல்லை. அவள் அப்பா காலையில் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுக் கிடங்குக்குப் போய்விட்டார். கீழ் வீட்டு அம்மாள் பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான் பிறந்தநாள்.

இந்தக் குறிப்புகளை எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஆம்பூரிலிருந்து என் நாத்தனார் கிரேஸ் எழுதிக் கேட்டிருக்கும் கேள்வி. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன். எதையும் வரிசைப்படி சொன்னால்தான் எனக்கு மனம் அடங்கும்.

கிரேஸுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. அவள் எழுதுகிறாள்: "அண்ணி, இங்கே கடையில் ஜீவசத்து மருந்து என்று புட்டியில் விற்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது வேணுமாம். எனக்குப் பால் நிறையவே இருக்கிறது. அப்புறம் எதற்கு மருந்து? நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள்."

படித்தவள் என்றால் டாக்டர் இல்லை. வேலூரில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை கற்றுக்கொண்டு அங்கேயே வேலை பார்த்தவள். அளப்பது, அரைப்பது, கலக்குவது, புட்டியில் சீட்டு ஒட்டுவது, வாங்கிக்கொள்கிறவளிடம் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்வது. வைட்டமின் என்று இவர்கள் சொல்லும் ஜீவசத்தைப் பற்றி டாக்டரம்மா பாடம் எடுத்தபோது நானும் எழுதிக்கொண்டேன். ஆகவே கிரேஸின் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரியை என் சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் நம்புவதற்கு எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. இதைப் படிக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் அது பயன்படலாம்.

2

நாங்கள் இருப்பது லண்டனில், தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, தோல் கிடங்குகள் நிறைந்த ஒரு பேட்டையில். என் கணவர் டேனியல் மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி ஒருவரிடம் தரம் பிரிப்பவராக இருந்தவர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் பக்கத்துத் தோல்கள் கட்டுக்கட்டாகக் கப்பலேறி இங்கே வந்துதான் ஏலம் போகின்றன. வந்த சரக்கைப் பிரித்து, கடல் தண்ணீர் பட்டது எது, பட்டை சரியாகப் பிடிக்காதது எது என்று முதலாளியின் பக்கம் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படி வந்தோம். என் கணவர் தோலைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கட்டைவிரலால்தான் அதிகம் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கி, இது ஆம்பூர்ச் சரக்கு, இது பேரணாம்பட்டுச் சரக்கு என்பார்.

எங்களுக்கு மாடியில் ஓர் அறை. ஒரு ஜன்னல். எதிரே கிடங்குச் சுவர். சுவருக்கும் பக்கத்துப் புகைபோக்கிக்கும் நடுவே, வானம் தெளிந்திருந்தால், முற்பகலில் கொஞ்ச நேரம் ஒரு துண்டு வெயில் தரையில் விழும்.

என் நாள் இப்படிப் போகும்: கரி, தண்ணீர், துணி, பிள்ளைக்குப் பால், மறுபடி துணி, சமையல், பிள்ளைக்குப் பால். பேச்சு என்று கணக்கில் ஒரு பத்தி போட்டால் அதில் எழுத ஒன்றும் இருக்காது. பியூலாவிடம் பேசுவேன். அவள் கேட்பாள். ஆனால் கீழ் வீட்டு அம்மாள் படியில் நின்று "டக்கி" என்று கூப்பிட்டால் சட்டென்று திரும்புகிறாள். வாத்துக்குட்டி என்பதுபோல் இந்தப் பேட்டையில் குழந்தைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் "கண்ணு" என்றால் அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. நான் எப்போதும் பக்கத்திலேயே இருப்பதால் இருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆம்பூரில் தோல் ஷாப் என்று நாங்கள் சொல்லும் பதனிடும் கொட்டகையைத் தாண்டிப் போகும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தவள் நான். இங்கே என் கணவரின் கோட்டில் சாயங்காலம் ஆவாரம்பட்டை வாடை வரும். அவர் கை கால் கழுவப் போனதும் அந்தக் கோட்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வேன். இதை அவரிடம் சொன்னதில்லை.

3

பேட்டையில் ஒரு தேவாலயக் கூடத்தில் வாரம் ஒரு நாள் கைக்குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பார்கள். முதல் நாள் அட்டை எழுதுவதற்கே பெரிய பாடாகிவிட்டது.

"குடும்பப் பெயர்?" என்று கேட்டாள் மேஜையில் இருந்த பெண்.

"டேனியல்."

"அது உங்கள் கணவரின் சொந்தப் பெயர் என்றீர்களே."

"ஆமாம்."

"அப்படியானால் குடும்பப் பெயர்?"

"டேனியல்."

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் என் குழந்தை 'டேனியல், பியூலா' ஆனாள். நான் மிஸஸ் டேனியல் ஆனேன். எஸ்தர் என்று கூப்பிட இந்தத் தேசத்தில் ஒரே ஒரு மனிதர்தான் இருக்கிறார் என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

அந்த அட்டையில் பிள்ளைக்கு என்ன ஆகாரம் என்று ஒரு கட்டம் உண்டு. தாய்ப்பால், புட்டிப்பால், இரண்டும் கலந்து. நான் தாய்ப்பால் என்று சொன்னபோது என் குரல் சற்று உயர்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பெண்களுக்குப் பால் சுரக்க மருந்து கலக்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு எந்த மருந்தும் வேண்டியிருக்கவில்லை. மற்றதெல்லாம் ஊரிலேயே விட்டு வந்தாலும் இது ஒன்று என்னோடு வந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஜனவரியில், பியூலாவுக்கு நான்கு மாதம் நெருங்கும்போது, கூடத்து நர்ஸ் அவளை மடியில் படுக்கவைத்துப் பார்த்தாள். உயரமான பெண். குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் கைகளை அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொள்வாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் விரல்கள் பியூலாவின் காதுக்குப் பின்னால் போய் நின்றன. மறுபடி அமுக்கின.

"தலை வியர்க்கிறதா?"

"ஆமாம்."

"இந்தக் குளிரிலா? தலையணையில் உரசிக்கொள்கிறாளா? பின்னந்தலையில் முடி போயிருக்கிறதே."

அவள் சொல்ல வருவது எனக்குத் தெரிந்துவிட்டது. எலும்பு இறுகாத பிள்ளை. மண்டை ஓடுகூட மெத்தென்று இருக்கும். உட்கார வேண்டிய காலத்தில் உட்காராது. நின்றால் கால் வளையும். அந்தப் பிள்ளைகளுக்கான புட்டியில் சீட்டு ஒட்டியவள் நான்.

"என் பாலில் குறையா?" என்று கேட்டேன்.

"பால் நல்ல பால். எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்," என்றாள். "ஆனால் இந்த ஊர்க் குளிர்காலத்தில் அது மட்டும் போதாது. எலும்புக்கு வேண்டிய சத்து வெயிலிலிருந்து வருகிறது. தாய்க்கே இல்லாதது பாலில் எப்படி வரும்? நீங்கள் வெயிலில் நின்று எவ்வளவு காலமாயிற்று?"

வெயிலைக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆம்பூர்க்காரிக்குத் தோன்றுமா? நர்ஸ் அலமாரியைத் திறந்தாள். காட் என்ற கடல் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் ஒரு புட்டி கொடுத்தாள். கரண்டியில் கொஞ்சமாகத் தொடங்கி, தினமும் வாயில் கொடுக்க வேண்டும்.

4

என் கணவர் தக்கையைத் திறந்து முகர்ந்தார்.

"இன்னா எஸ்தர் இது? எங்க கிடங்குக்குப் பக்கத்து யார்டுல பீப்பா பீப்பாயா வெச்சிருக்கான் இத. தோலுக்குப் போட்ற எண்ணெ."

"அது வேறங்க. இது சுத்தம் பண்ணது. ஆஸ்பத்திரில நானே பிசின் போட்டுக் கலக்கிக் குடுத்திருக்கேன்."

"வாசனை ஒண்ணுதானே?"

"வாசனை ஒண்ணுதான்."

"அப்பறம் இன்னா வேற? தோலு மெதுவாவறதுக்குப் போட்றத புள்ள வாய்ல ஊத்துவாங்களா? எலும்பு இறுகணும்னு சொல்றே, மெதுவாவற எண்ணெயக் கொண்டாந்திருக்கியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"உனக்குப் பால் கம்மியா?"

"இல்ல."

"ஜாஸ்தியாத்தான இருக்குது? பால் இருக்கறவ வூட்ல எண்ணெ எதுக்கு? அந்த நர்ஸம்மா எல்லாருக்கும் ஒரே மருந்து குடுக்கறாங்க. உனக்கு அது தெரிய வேணாம்?"

அது என்னுடைய கேள்வியும்தான். ஆகவே நான் வலுவாகப் பதில் சொல்லவில்லை. அவரே ஒரு வழி சொன்னார்.

"ஒண்ணு பண்ணு. உள்ள வேணாம். மேல தடவு. எண்ணெயக் குடிக்கறது தோலுதான். நான் பாக்காத தோலா?"

வேறு ஊர்க்காரர் கேட்டால் விளையாட்டுப் பேச்சு என்று நினைப்பார்கள். நம் பக்கத்தவர்களுக்குப் புரியும். பதனிட்ட தோலுக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. எண்ணெயை மேலே போட்டுக் கையால் தேய்க்க வேண்டும். நிழலில்தான் காயப்போட வேண்டும். நேர் வெயில் பட்டால் தோல் விறைத்து முறிந்துவிடும். இவை அவருக்குச் சிறு வயதிலிருந்து விரலில் ஏறியவை. பியூலா பிறந்த நாளிலிருந்தே, தரையில் அந்தத் துண்டு வெயில் விழுந்தால் தொட்டிலை நகர்த்திவிடுவார். "மூஞ்சில வெயிலு பட்து பாரு," என்பார். அன்பினால்தான் செய்தார். தனக்குத் தெரிந்த மிக உசத்தியான பொருளை எப்படிக் காப்பாற்றுவாரோ அப்படி மகளைக் காப்பாற்றினார்.

நானும் ஒத்துக்கொண்டேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது நமக்குப் புதிதா? நல்லெண்ணெய் இருந்த இடத்தில் மீனெண்ணெய். தினமும் சூடு காட்டித் தேய்த்தேன்.

வீடே நாறியது. கீழ் வீட்டு அம்மாள் படியேறி வந்து வாசலில் நின்றார். "மிஸஸ் டேனியல், உங்கள் புருஷன் வேலையை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரா?" என்று கேட்டுவிட்டு, அப்படியும் பியூலாவைத் தூக்கி முத்தமிட்டு, மூக்கைச் சுளித்து, மறுபடி முத்தமிட்டார். கூடத்தில் மற்றத் தாய்மார்களுக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. பெஞ்சில் எங்கள் இருவருக்கும் எப்போதும் தாராளமாக இடம் கிடைத்தது.

பின்னந்தலை மட்டும் இறுகவில்லை.

5

அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது மேல்விஷாரத்து ஜுலேகா பீயை.

அவர் என் கணவருடைய முதலாளியின் மனைவி. என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருப்பார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அவரைத் தெரியும். அவர் மகனுக்கு எட்டு மாதமாகியும் உட்கார முடியவில்லை என்று ஆள் வந்தபோது, டாக்டரம்மாவோடு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலூரிலிருந்து ஜட்கா வண்டியில் போனேன். வழி நெடுகப் பாலாற்று மணல் கண்ணைக் கூசியது. அவர்கள் வீடு பெரியது, குளிர்ச்சியானது, இருட்டானது. கோஷா வீடு; பெண்கள் வெளியாள் கண்ணில் படுவதில்லை. ஜன்னல்களுக்குக் கனத்த திரை. ஜுலேகா பீக்கும் படியேறினால் இடுப்பு வலி.

பிள்ளை தாய்ப்பால் மட்டும் குடித்து வளர்ந்தவன்; கொழுகொழு என்று இருந்தான். டாக்டரம்மா தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எண்ணெய் கொடுங்க. தாயும் பிள்ளையும் தினம் வெயில்ல உட்காருங்க," என்றார்.

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "எங்க வூட்டுப் பொம்பளைங்க தெருவுல குந்திக்கினு வெயிலு காயணுமா?"

ஜுலேகா பீ என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "கம்பவுண்டரம்மா, உங்க டாக்டரம்மாவக் கேட்டு, சூரியன் எங்க வூட்டுக்குள்ள வர்றதுக்கு எந்தப் பக்கம் கதவு வெக்கணும்னு எழுதிக் குடுக்கச் சொல்லேன். மருந்துச் சீட்டுலயே எழுதிடு."

அடுத்த தடவை நான் புட்டியோடு தனியாகப் போனேன். அவர் என் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். மாடியின் நான்கு பக்கமும் ஆளுயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டியிருந்தது. வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. மேலே மட்டும் திறந்த வானம். நடுவே ஜமக்காளம். பிள்ளை துணியில்லாமல் படுத்துக்கொண்டு கால்களை உதைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பாக்கறே? இவங்க அப்பாரு தோல் ஷாப்புல வெயிலு படக்கூடாதுன்னு தட்டி கட்றாரு. நான் வெயிலு படணும்னு கட்டிக்கினேன். அதே ஆளு, அதே மூங்கிலு. கட்றவன்தான் பேஜாரா பூட்டான், இன்னாம்மா மேல கூரையே இல்லியேன்றான்!"

பக்கத்தில் உட்காரச் சொன்னார். தலைத்துணியைத் தளர்த்திக்கொண்டு கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி இருந்தார். "ஊரெல்லாம் சுத்தறியே, ஒனக்கு இதோட அருமை தெரியாது," என்றார். நான் சிரித்தேன். எனக்குத் தெரியாதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவது அன்று எனக்கு ஒரு குறையாகவே இருந்தது.

அந்தப் பையன் ஓடி விளையாடும் வயதில்தான் எங்கள் பிரயாணம் நிச்சயமாயிற்று. விடைபெறப் போனபோது ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா ஒரு பொட்டலம் கொடுத்தார். "ஒங்க வூட்டுக்காரர சீமைக்கு அனுப்புன்னு நான்தான் சொன்னேன். நல்லா இருப்பீங்க. ஆனா அங்க வெயிலு ரொம்பக் கம்மியாமே? தட்டி கட்டினாலும் வராதாமே?" என்றார். அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

6

பிப்ரவரியில் ஒரு முற்பகல் அந்தத் துண்டு வெயில் தரையில் விழுந்தது. வெகு நாட்களுக்குப் பிறகு. ஜுலேகா பீயை நினைத்துக்கொண்டு, தொட்டிலை நகர்த்தாமல், பியூலாவின் சட்டையைக் கழற்றி அந்த வெளிச்சத்தில் படுக்கவைத்தேன். குளிருக்காக ஜன்னலை மூடியே வைத்தேன். வெயில் வந்த நாளிலெல்லாம் அப்படிச் செய்தேன். எனக்கு ஒரே திருப்தி. எண்ணெயும் இல்லாமல், கணவரிடம் வாதமும் இல்லாமல், நம் ஊர் வைத்தியத்தாலேயே சரிசெய்துவிடலாம்.

இதைக் கூடத்து நர்ஸிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பியூலாவை எடைத் தட்டிலிருந்து தூக்கி என்னிடம் கொடுத்தாள். பிறகு தணிந்த குரலில், "கண்ணாடி வழியாகவா?" என்று கேட்டாள்.

"ஆமாம். நேராக மேலே விழும்படி."

"வெளிச்சம் வரும், மிஸஸ் டேனியல். சூடும் வரும். எலும்புக்கு வேண்டியதை மட்டும் கண்ணாடி தடுத்துவிடும்."

இது நான் படித்த பாடத்தில் இல்லாதது. வேலூரில் கண்ணாடி வழியாக வெயில் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கு?

அன்று நடந்து வரும்போது புகையும் பனியும் கலந்து தெருவே தெரியவில்லை. அறைக்குள் வந்து பிள்ளையைத் தொட்டிலில் விட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரை இல்லை. மாமியார் இல்லை. வெளியே போகாதே என்று சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் எத்தனை மாதமாக நான் இந்த அறைக்குள்ளேயே இருந்திருக்கிறேன்! ஜுலேகா பீயைத் தடுக்க ஆள் இருந்தது; என்னைத் தடுத்தது யார்? அவருக்காவது தட்டி கட்ட ஒரு மாடி இருந்தது. கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்ட ஒரு கம்பவுண்டரம்மா இருந்தாள்.

சாயங்காலம் என் கணவர் வந்தார். நான் ஜீவசத்து, பாடம், நர்ஸ் எதையும் பேசவில்லை.

"உங்க கையக் குடுங்க," என்றேன்.

"இன்னா?"

"குடுங்க சொல்றேன்."

அவருடைய வலது கட்டைவிரலைப் பியூலாவின் காதுக்குப் பின்னால் வைத்தேன். "அமுக்குங்க. மெதுவா. தோலப் பாக்கறீங்களே, அந்த மாதிரி."

அமுக்கினார். எலும்பு உள்ளே போய் வெளியே வந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு தன் தலையில் அதே இடத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். என் தலையில் அமுக்கிப் பார்த்தார். மறுபடி அவள் தலைக்கு வந்தார். அந்த விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதன் தீர்ப்பை நம்பித்தான் கப்பல் நிறையச் சரக்கு விலைபோகிறது.

"இது இப்டி இருக்கக்கூடாதா?"

"கூடாது."

"மேல தடவினது?"

"போதல."

"முன்னாடியே கையக் காட்டியிருக்கலாமே."

"வாயால சொன்னனே."

அவர் எழுந்தார். கைகளைச் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். புட்டியை எடுத்தார். பிள்ளையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "எவ்ளோ?" என்றார். நான் கரண்டியில் அளந்து கொடுத்தேன். பியூலா முகத்தைக் கோணினாள், விழுங்கினாள், உதட்டை நக்கினாள். பிறகு வாயைத் திறந்து இன்னொரு கரண்டிக்குக் காத்திருந்தாள்.

"அடியே! பிடிச்சிருக்குதா ஒனக்கு?" என்றார். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அன்றிலிருந்து கரண்டி அவர் பொறுப்பு. நர்ஸ் சொன்னபடி நானும் ஒரு கரண்டி குடிக்கிறேன். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பியூலாவோ புட்டியைக் கண்டால் தாவுகிறாள். வளர்ந்த பிறகு பிறந்த வீடு என்றதும் அவளுக்கு இந்த மீன் வாடைதான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. எனக்கு ஆவாரம்பட்டை, அவளுக்கு இது. ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு ஊர்க்காரர்களாக ஆகிக்கொண்டிருக்கிறோம்.

7

வசந்தம் வந்ததும் பின்கட்டுத் திறந்த முற்றத்துக்கு இறங்க ஆரம்பித்தோம். தலை இறுகியது. வியர்வை நின்றது. உட்காருவதற்கு எட்டாம் மாதம் தாண்டிவிட்டது. மற்றக் குழந்தைகள் பெஞ்சைப் பிடித்து நிற்கும்போது இவள் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "பொறுங்கள்," என்பாள் நர்ஸ். நின்ற பிறகுதான் கால்கள் எப்படி என்று தெரியும். வளைந்திருந்தால் அந்தக் குளிர்காலம் அவளுடைய கால்களில் கடைசிவரை இருக்கும். ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டும்போது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை விரலால் தடவிப் பார்ப்பேன். நேராக இருப்பதுபோல் தோன்றும். படுத்திருக்கும் காலைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

இனி கிரேஸுக்குப் பதில்.

கிரேஸ், பாலை நிறுத்தாதே. யார் சொன்னாலும், என்ன புட்டி விற்றாலும், அதற்குப் பதிலாக இது என்று எதுவும் கிடையாது.

பால் மட்டும் போதுமா என்றால், வெயில் அதில் இல்லை. உன் உடம்பில் வெயில் பட்டால் அதில் சிறிது பாலில் போகும். மீதியைப் பிள்ளை தன் தோலிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டு முற்றத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் காலையில் இளவெயில் விழும். அது எந்த இடம் என்று கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். அங்கே பிள்ளையைப் படுக்கவை. உச்சி வெயிலில் வேண்டாம். பிள்ளை பெற்றவள் என்று இருட்டறையிலேயே அடைந்து கிடக்காதே. நீயும் உட்கார்.

கடைக்காரர் சொன்னார் என்று புட்டி வாங்காதே. டாக்டரம்மாவிடம் போ. அவர் தலையைத் தொட்டுப் பார்த்து, கொடு என்றால் கொடு. எவ்வளவு என்பதையும் அவரே சொல்லட்டும். சத்துதானே என்று கூட ஊற்றாதே. உன் பாலுக்கு அது அவமானம் என்று நினைக்க வேண்டாம். மழைக்குக் குடை பிடித்தால் கூரைக்கு என்ன அவமானம்?

வாயில்தான் கொடுக்க வேண்டும். உன் வீட்டுக்காரரும் தோல் ஷாப்புக்காரர் என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். உன் அண்ணன் இதை எழுதும்படி சொன்னார்.

8

இன்று வெயில் நன்றாக இருந்தது. துணிகளைத் துவைத்துப் பின்கட்டுக் கொடிகளில் உலர்த்தினேன். கீழ் வீட்டு அம்மாளின் படுக்கை விரிப்புகளும் எங்கள் விரிப்புகளும் சேர்ந்து நான்கு பக்கமும் தொங்கின. நடுவே பாயைப் போட்டுப் பியூலாவை விட்டுவிட்டு, கிரேஸின் கடிதத்தை மறுபடி படிக்க உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது சுற்றிலும் வெள்ளைத் துணி. மேலே மட்டும் வானம். தட்டி கட்டிய மாடி! சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன், ஜுலேகா பீ அங்கே இருப்பதுபோல.

அப்போது பியூலா ஈரத்துணிக் கூடையின் விளிம்பைப் பிடித்தாள். முழங்காலில் எழுந்தாள். ஒரு காலை ஊன்றினாள். அடுத்த காலையும் ஊன்றினாள். கூடை ஆடியது. நின்றாள்.

முதலில் கால்களைத்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கண்ணால் பார்த்தேன்: தொடை, முழங்கால், கணுக்கால். நேராக இருந்தன. இரண்டும் நேராக இருந்தன.

"பாருங்க! வந்து பாருங்க! பியூலா நின்னுட்டா!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

விரிப்புகள் அசைந்தன. கீழ் வீட்டு அம்மாள் சந்தையிலிருந்து திரும்பவில்லை. என் கணவர் ஆற்றோரக் கிடங்கில் இருந்தார். ஜுலேகா பீயும் கிரேஸும் கடலுக்கு அப்பால். பதிலுக்குக் காத்திருப்பவள்போல் நான் கொஞ்ச நேரம் நின்றேன். பியூலா என் முகத்தைப் பார்த்தாள். நான் யாரைக் கூப்பிட்டேன் என்று அவளும் திரும்பித் திரும்பித் தேடினாள். பிறகு தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

இதுதான் நான் சொன்ன இரண்டாவது காரணம். அவள் நின்றதை யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன்.